யளனகப - பழைய தமிழ் ஃபைல்களைக் கொன்னுடாதீங்க மக்கா

உங்க வீட்டுப் பரண்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் பொட்டி இருக்கா? பீரோவுல துணிக்கு நடுவுல ஒரு சிடி? இல்லேன்னா "பழசு"ன்னு பேர் வச்சு ஒரு ஃபோல்டரை லேப்டாப் மாறுறப்பல்லாம் காப்பி பண்ணிக்கிட்டே வர்றீங்களா? அப்படின்னா 2005-க்கு முன்னாடி யாரோ தமிழ்ல டைப் பண்ண ஒரு ஃபைலாவது அதுல இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அக்கா கல்யாணப் பத்திரிகை, அப்பா எழுதின சங்கத் தீர்மானம், கோயில் கும்பாபிஷேக வரவுசெலவு, சித்தி எழுதி எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பாத சிறுகதை... இப்படி ஏதாவது.

அதை இன்னிக்குத் திறந்து பாருங்க. தமிழே இருக்காது. ஆங்கில எழுத்து, நடுவுல அரைப்புள்ளி, அடைப்புக்குறி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம பூச்சி பூச்சியா ஓடும். "கரப்ட் ஆயிடுச்சுப்பா", "வைரஸ் புடிச்சிருக்கும்"னு சொல்லிட்டு டெலிட் அடிக்கிறதுதான் பெரும்பாலும் நடக்குது. இந்தப் பதிவு அந்த டெலிட் பட்டனைத் தடுக்கத்தான்.

அந்த ஃபைலுக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு எழுத்துகூட அழியலை. பூட்டு நல்லாத்தான் இருக்கு, சாவியைத்தான் காணோம். சாவி எதுன்னு தெரிஞ்ச ஆளுங்க இன்னும் நம்ம கூட இருக்காங்க. அதனால இதை இப்பவே செய்யணும், பத்து வருஷம் கழிச்சு இல்லை.

அந்தக் காலத்துல என்ன பண்ணாங்க?

நான் பொட்டி தட்டுறவன். ஆபீஸ்ல என் ஆணியே ஒரு டேட்டாபேஸ்ல இருக்கிறதை இன்னொண்ணுக்கு மாத்துறதுதான். அதனால இதைக் கொஞ்சம் வெளக்கமா சொல்றேன், தூங்கிடாதீங்க :-)

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். ஆஸ்கின்னு ஒரு பட்டியல்ல 128 இடம், அதுல ஆங்கிலமும் எண்களும் குறிகளும் உக்காந்துக்கிச்சு. ஒரு பைட்டை முழுசா பயன்படுத்தினா 256 இடம் கிடைக்கும். தமிழுக்கு அதுல தனி இடம் யாரும் ஒதுக்கலை.

நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. ஆங்கில எழுத்தோட நம்பரை அப்படியே விட்டுட்டு, ஃபான்ட்ல இருக்கிற படத்தை மட்டும் மாத்திட்டாங்க. பாமினி ஃபான்ட்டை எடுத்துக்குங்க. அதுல சின்ன எம் அடிச்சா திரையில 'அ' தெரியும். சின்ன கே அடிச்சா 'ம'. அரைப்புள்ளி அடிச்சா மேல புள்ளி. எச் அடிச்சா கால். ஆக எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு அடிச்சா திரையில 'அம்மா'. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அது இன்னமும் எம்தான், கேதான். ஃபான்ட் இருக்கிற வரைக்கும் அது அம்மா, ஃபான்ட்டைக் கழட்டினா வெறும் பூச்சி.

இதோட நிக்கலை. பாமினி, வானவில், இளங்கோ, ஸ்ரீலிபி, இணைமதி, மயிலைன்னு எத்தனையோ ஃபான்ட் வந்துச்சு. பலதுல எழுத்து உக்காந்த இடம் வேற வேற. ஒருத்தர் வானவில்ல அடிச்சதை இன்னொருத்தர் பாமினியில திறந்தா அதுவும் பூச்சிதான், ஆனா தமிழ்ப் பூச்சி.

இதைச் சரிபண்ணப் பாத்தவங்களும் உண்டு. உலகம் பூராவும் இருந்த தமிழர்கள் மின்மடல்லயே பேசிப் பேசி திஸ்கின்னு ஒரு பொதுக் குறியீடு கொண்டு வந்தாங்க. அதுல கீழ்ப்பாதி 128 இடத்தை ஆங்கிலத்துக்கு விட்டுட்டு, மேல்பாதியில தமிழை வச்சாங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப்னு ரெண்டு குறியீட்டையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவிச்சுது.

இத்தனைக்கும் 1991-ல வந்த யூனிகோட் முதல் பதிப்புலயே தமிழ் இருந்துச்சு. ஆனா விண்டோஸ்ல அது ஒழுங்காத் தெரிய விண்டோஸ் 2000-உம் அதுகூட வந்த லதா ஃபான்ட்டும் வர வேண்டியிருந்துச்சு. எக்ஸ்பியில கூட செட்டிங்ஸ்ல போய் ஒரு டிக் அடிச்சு, சிடியைப் போட்டாத்தான் தமிழ் ஒழுங்கா வரும். தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010-ல, கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல. அதுக்கு முந்தின பல வருஷத் தமிழ், முக்கியமா வீட்டுலயும் டிடிபி கடையிலயும் சின்ன ஆபீஸ்லயும் அடிச்ச தமிழ், பெரும்பாலும் இந்தப் பூச்சி மொழியிலதான் இருக்கு.

இலக்கியத்தைக் காப்பாத்த ஆள் இருந்தாங்க. சுவிட்சர்லாந்துல இருக்கிற முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் இருக்கே, அதுல முதல்ல போட்ட நூல்கள் இணைமதி, மயிலை எழுத்துருவுல இருந்துச்சு. அப்புறம் திஸ்கிக்கு மாத்தினாங்க, அப்புறம் யூனிகோடுக்கு மாத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் தன்னார்வலர்கள் உக்காந்து செஞ்ச வேலை. அதனாலதான் இன்னிக்கு திருக்குறளும் சிலப்பதிகாரமும் உங்க போன்ல தேடினா கிடைக்குது. உங்க தாத்தா எழுதினதை மாத்த அப்படி எந்தத் தன்னார்வலரும் வரப்போறதில்லை. நீங்கதான் வரணும்.

கொஞ்சம் கொசுவத்தி

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னு சொல்லிடறேன். எங்க அம்மாவோட அப்பா சாத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி வாத்தியார். ரிட்டையர் ஆனப்புறம் குடும்பக் கதையை ஒரு நீள நோட்டுல எழுதினார். எந்த ஊர்ல இருந்து வந்தோம், எந்தக் கிணறு யார் வெட்டினது, எந்தப் பஞ்சத்துல எந்த நெலம் போச்சு, இதெல்லாம். 2001-ல அதை ஒரு டிடிபி கடையில கொடுத்து டைப் பண்ணி, இருபது காப்பி எடுத்துச் சொந்தக்காரங்களுக்குக் கொடுத்தாராம். நான் அப்ப கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேல. தாத்தா போய் ரொம்ப வருஷமாச்சு. நோட்டு கரையான் தின்னு போச்சு. அந்த இருபது காப்பியில ஒண்ணுகூட முழுசா யார்கிட்டயும் இல்லை.

போன வருஷம் மாமா வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப ஒரு சிடி கிடைச்சுது. மேல தாத்தா கையெழுத்துல "குடும்பம்"னு இருந்துச்சு. சிடி டிரைவ் வெளியில இருந்து வாங்கி மாட்டி, நல்ல வேளையா காப்பி ஆச்சு. உள்ள ஒரே ஒரு ஃபைல், அதுவும் வெறும் நோட்பேட் ஃபைல். திறந்தா பூச்சி.

என்ன ஃபான்ட்னு தேட ஆரம்பிச்சேன். அம்மா காபியை வச்சுட்டு திரையைப் பாத்தாங்க. "இதுல என்னடா இங்கிலீஷ் எழுத்தா இருக்கு? ஒவ்வொண்ணாச் சொல்லு"ன்னாங்க. பெரிய கே, ஜே, ஒய், அரைப்புள்ளின்னு ஒரு இடத்தைப் படிச்சேன். அம்மா விரலு மேஜை மேல தட்டிக்கிட்டு இருந்துச்சு. "முதல்"னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அடுத்த வார்த்தை சின்ன கே, எஃப், எஸ், அரைப்புள்ளி. "மகள்"னாங்க.

விஷயம் இதுதான். எங்க அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவங்க. இங்கிலீஷ்ல ஏ, எஸ், டி, எஃப், ஜி இருக்கிற அஞ்சு கட்டையில தமிழ் டைப்ரைட்டர்ல ய, ள, ன, க, ப இருக்கும். இன்ஸ்டிடியூட்ல முதல் நாள் பாடமே அந்த 'யளனகப'தான். பாமினி ஃபான்ட்டைச் செஞ்சவங்க, ஏற்கெனவே டைப்ரைட்டர் பழகினவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு எழுத்துக்களைப் பெரும்பாலும் அதே கட்டையில வச்சிருக்காங்க. ஆக, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி அம்மா விரல் படிச்சது, இன்னிக்கு அந்தப் பூச்சிக்கு அகராதி. கூகிள்ல தேடிக்கிட்டு இருந்த எனக்கு, அது பாமினின்னு சொன்னது காபி கொண்டு வந்தவங்க.

அந்த "முதல் மகள்"ங்கிற வரியிலதான் ரெண்டு பேரும் நின்னுட்டோம். ஏன்னா தாத்தாவுக்கு முதல் மகள் எங்க அம்மான்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தோம். அதுக்கப்புறம் இருந்தது வேற பேரு. அம்மா அந்தப் பேரையும் விரலாலேயே படிச்சாங்க, எழுத்து எழுத்தா. தனக்கு முன்னாடி ஒரு குழந்தை பொறந்து தவறிடுச்சுன்னு ஆச்சி எப்பவோ ஒரு தடவை சொன்னது அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. அதுக்கு ஒரு பேரு வச்சிருந்தாங்க, ஒன்றரை வயசு வரைக்கும் இருந்துச்சு, நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு, இதெல்லாம் யாரும் சொன்னதில்லை. கேட்டுத் தெரிஞ்சுக்க ஆச்சியும் இப்ப இல்லை. தாத்தா அதுக்கு நாலு வரி எழுதியிருக்கார். அந்த நாலு வரி இந்த உலகத்துல அந்த ஒரு ஃபைல்லதான் இருந்துச்சு. பேரை இங்க எழுதலை. அது அம்மாவோடது.

மீதியைக் கன்வர்ட்டர்ல போட்டேன். ஒரு நொடிகூட ஆகலை.

சரி, எப்படி மாத்துறது?

1. முதல்ல காப்பி எடுங்க. சிடி, ஃபிளாப்பி, பழைய ஹார்ட் டிஸ்க் எதுவா இருந்தாலும் அதுல வச்சே நோண்டாதீங்க. யூஎஸ்பியில மாட்டுற சிடி டிரைவ், ஃபிளாப்பி டிரைவ் இன்னமும் விலைக்குக் கிடைக்குது. பழைய டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கை மாட்டவும் யூஎஸ்பி கேபிள் இருக்கு. சிடியெல்லாம் சாகாவரம் வாங்கிட்டு வரலை, எழுதின சிடி மெதுவாக் கெட்டுப் போகும். அதனால இதுதான் அவசரமான வேலை.

2. ஃபான்ட் பேரைக் கண்டுபிடிங்க. வேர்டு ஃபைலா இருந்தா வேலை சுலபம். ஃபான்ட் உங்ககிட்ட இல்லேன்னாலும் அதோட பேரு ஃபைலுக்குள்ள இருக்கும். லிப்ரெ ஆபீஸ்ல திறந்து, பூச்சி மேல கர்சரை வச்சா மேல ஃபான்ட் பெட்டியில பேர் காட்டும். நோட்பேட் ஃபைல்ல அந்த வசதி இல்லை. அப்ப டைப் பண்ணவரைக் கேளுங்க, அந்த டிடிபி கடை அண்ணாச்சியைக் கேளுங்க. யாரும் இல்லேன்னா 'அம்மா' டெஸ்ட் பண்ணுங்க: எம், கே, அரைப்புள்ளி, கே, எச் அந்த வரிசையில எங்கயாவது வருதான்னு தேடுங்க. வந்தா பெரும்பாலும் பாமினி.

3. கன்வர்ட்டரை லேப்டாப்லயே ஓட்டுங்க. என்எச்எம் கன்வர்ட்டர் நம்மாளுங்க ரொம்ப நாளாப் பயன்படுத்துற மென்பொருள். பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ஓப்பன் தமிழ்னு ஒரு நூலகம் இருக்கு, பழைய குறியீடுகள் நிறைய அதுக்குத் தெரியும். திஸ்கி ஃபைலா இருந்தா லினக்ஸ்ல ஐகான்வ்ங்கிற கட்டளையே போதும். இணையத்துல ஒட்டி மாத்துற பக்கங்களும் இருக்கு. ஆனா நெலப் பத்திரம், உயில், அடுத்தவங்க கடிதம் மாதிரி சமாச்சாரத்தை முன்பின் தெரியாத தளத்துல ஒட்டாதீங்க. சில பக்கங்கள் உங்க பிரவுசருக்குள்ளயேதான் வேலை செய்யும். பக்கத்தைத் திறந்துட்டு நெட்டைத் துண்டிச்சுட்டு ஓட்டிப் பாருங்க, அப்பவும் மாத்திக் கொடுத்தா அந்த வகைதான்.

4. மாத்தினப்புறம் கண்ணால படிங்க. பழைய ஃபான்ட்ல கண்ணுக்குத் தெரியுற வரிசையில அடிப்பாங்க: 'கொ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முதல்ல, உயிர்க்குறி பின்னால. இந்த வரிசையைக் கன்வர்ட்டர்தான் திருப்பணும், அங்கதான் சில சமயம் சொதப்பும். ஸ்ரீ, ஷ, ஹ மாதிரி எழுத்துக்களைத் தனியாப் பாருங்க. 'ஔ'வை அந்தக் காலத்துல ஒ, ள ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடிச்சு ஒப்பேத்தியிருப்பாங்க. பாக்க ஒண்ணுபோல இருக்கும், ஆனா ஔவையாரைத் தேடினா கிடைக்க மாட்டாங்க. நடுவுல நெசமாவே ஆங்கிலத்துல அடிச்ச பேரு, மின்னஞ்சல் முகவரி இருந்தா, பாமினி கன்வர்ட்டர் அதையும் தமிழ்னு நினைச்சு உளறி வைக்கும். அதைக் கையாலதான் சரிபண்ணணும்.

5. யூடிஎஃப்-8 குறியீட்டுல, வெறும் டெக்ஸ்ட் ஃபைலா ஒரு காப்பி சேமிங்க. அழகா வேணும்னா தனியா வேர்டுல இன்னொண்ணு வச்சுக்குங்க. பழைய பூச்சி ஃபைலையும் தூக்கிப் போடாதீங்க. நாளைக்கு ஒரு வரியில சந்தேகம் வந்தா அதுதான் மூலப்பிரதி. பக்கத்துலயே ஒரு சின்ன ஃபைல்ல "இது பாமினி, இன்னார் இந்த வருஷம் அடிச்சது"ன்னு எழுதி வைங்க.

6. பேஜ்மேக்கர் ஃபைலா? கல்யாணப் பத்திரிகை, மலர் எல்லாம் டிடிபி கடைகள்ல இதுலதான் செய்வாங்க. அதோட கடைசி பதிப்பு 7, வந்தது 2001-ல. பழைய இன்டிசைன், சிஎஸ்6 வரைக்கும், அதைத் திறக்கும். லிப்ரெ ஆபீஸும் ஓரளவு திறக்கும். வடிவம் கொஞ்சம் கலைஞ்சாலும் எழுத்து கிடைச்சாப் போதும்னு வச்சுக்குங்க.

"பிடிஎஃப் இருக்கே, போதாதா?"

போதாது. பிடிஎஃப்ல ஃபான்ட்டை உள்ளயே பொதிச்சு வச்சிருந்தா பாக்க முத்து முத்தா இருக்கும். ஆனா ஒரு வரியைக் காப்பி பண்ணி வேற எடத்துல ஒட்டுங்க, பூச்சி பல்லைக் காட்டும். தேடல் வேலை செய்யாது. பிடிஎஃப் மட்டும்தான் இருக்குன்னா, இல்ல அச்சடிச்ச காகிதம்தான் இருக்குன்னா, ஓசிஆர் இருக்கு. டெசராக்ட் இலவசம், தமிழ் தெரியும். கூகிள் டிரைவ்ல ஏத்தி கூகிள் டாக்ஸா திறந்தாலும் தமிழைப் படிச்சுக் கொடுக்கும். ரெண்டுலயும் மெய்ப்புப் பாக்குற வேலை உங்களுக்கு உண்டு.

இப்ப எல்லாத்துக்கும் ஏஐ கிட்ட போறோம். இந்தப் பூச்சியை அதுகிட்ட ஒட்டி "தமிழ்ல சொல்லு"ன்னு கேக்கலாமான்னா, என் அபிப்பிராயம்: வேணாம். கன்வர்ட்டர் ஒரு பட்டியலை வச்சு எழுத்துக்கு எழுத்து மாத்துது. தப்பா இருந்தா அசிங்கமாத் தெரியும், நாம புடிச்சுடலாம். ஏஐ தனக்குப் புரியாத இடத்துல அழகான தமிழ்ல சொந்தமா எழுதி நிரப்பிடலாம், நாம நம்பிடுவோம். எங்க வீட்டு விஷயத்துல அப்படி ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஒரு பேரே மாறியிருக்கும்.

யார்கிட்ட கேக்கணும்?

இந்த வேலையில மென்பொருள் சின்னப் பகுதி, அது இலவசமாவும் கிடைக்குது. ஃபான்ட் பேரு ஞாபகம் இருக்கிற ஆளுங்க, கட்டை ஞாபகம் இருக்கிற விரலுங்க, ஃபைல்ல வர்ற "சின்னக்கிணத்து மாமா" யாருன்னு சொல்லக்கூடியவங்க, இவங்கதான் பெரிய பகுதி. அவங்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயசு. யூனிகோட் எங்கயும் ஓடிடாது, அவங்களைத்தான் தள்ளிப்போட முடியாது.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பரண்ல ஏறுங்க. வீட்டுல பெரியவங்க யாரையாவது பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுத் திறங்க. வெறும் கல்யாணப் பத்திரிகைதான் கிடைச்சாலும் பரவாயில்லை, அதுல "தங்கள் நல்வரவை விரும்பும்"க்குக் கீழ இருக்கிற பேருங்களை அவங்களைப் படிக்கச் சொல்லுங்க. அதுல பாதிப் பேரை உங்களுக்கு யாருன்னே தெரியாது. கேட்டு எழுதி வச்சுக்குங்க, யூனிகோட்ல :-)

டிஸ்கி: மேல சொன்ன திஸ்கி வேற, இந்த டிஸ்கி வேற. உங்க ஃபைல் இதுல எந்த வகையிலயும் அடங்கலைன்னா, முதல் ரெண்டு வரியில இருக்கிற எழுத்துக்களை அப்படியே எனக்கு எழுதுங்க, பாத்துச் சொல்றேன். நான் திணறினா அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்.